மூப்பென்று சொல்லி மூச்சை மறக்கலாமா?

நம் இல்லங்களில் மூத்தவர்களின் உடல்நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. வாப்பா பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியில் இரண்டு இடங்களில் நின்று இளைப்பாறுகிறார், வயதாகிவிட்டது என்கிறோம். உம்மா மாடிப்படியில் பாதியிலேயே அமர்ந்துவிடுகிறார், வயதாகிவிட்டது என்கிறோம். சென்ற ரமளானில் தராவீஹ் முழுவதையும் நின்று தொழுதவர், இந்த ரமளானில் நான்கு ரக்அத்திலேயே நாற்காலியைத் தேடுகிறார். அதற்கும் அதே விடைதான்.

அவர் சில ஆண்டுகளுக்கு முன் புற்றுநோயிலிருந்து மீண்டவராக இருந்தால், அந்தச் சொல்லோடு ஒரு மௌனமும் சேர்ந்துகொள்கிறது. 'அது திரும்பி வந்துவிட்டதோ' என்ற அச்சம் வீட்டில் உள்ள எல்லோர் மனத்திலும் எழுகிறது. எவர் வாயிலும் வருவதில்லை. ஒருவர் வெறும் மூப்புதான் என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். இன்னொருவர் அந்த நோயேதான் என்று முடிவு கட்டிவிட்டு, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒதுங்குகிறார். எண்ணங்கள் இரண்டும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டின் விளைவும் ஒன்றே. மூத்தவர் பரிசோதிக்கப்படாமல் விடப்படுகிறார்.

புற்றுநோயிலிருந்து மீண்ட மூத்தவர் ஒருவருக்குப் புதிதாக மூச்சுத்திணறல் தோன்றினால், அதன் காரணத்தைத் தேடிக் கண்டறிவது குடும்பத்தாரின் கடமை என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களுள் பல மருந்தால் தீரக்கூடியவை. அவற்றுள் சில, பழைய சிகிச்சையின் விவரம் தெரிந்தால்தான் மருத்துவரின் கண்ணில் படக்கூடியவை.

முதுமை எது, நோய் எது?

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் வினவியபோது, செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் இறைவன் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதில் மருத்துவம் தேடுக என்பது பொது விதி. முதுமை மட்டுமே விலக்கு. நாமோ அந்த விலக்கை விரித்து விரித்து, அறுபதைத் தாண்டியவருக்கு வரும் எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிட்டோம்.

வயது ஏற ஏற நுரையீரலின் ஆற்றல் குறைவது உண்மைதான். ஆனால் அக்குறைவு பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நிகழ்வது. வேறு நோயில்லாத எழுபது வயதினர், சமதரையில் தம் வழக்கமான வேகத்தில் நடப்பதற்குத் திணறுவதில்லை. மூன்று மாதங்களுக்கு முன் கடைத்தெரு வரை சென்று வந்தவர் இன்று வாசல் வரை நடக்கத் தயங்கினால், அந்த மாற்றத்தை முதுமையின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

மாற்றத்தை அளந்தறிய மருத்துவர்கள் ஐந்து படிகள் கொண்ட எளிய அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது அது. கடும் உழைப்பின்போது மட்டுமே மூச்சு வாங்குவது முதற்படி. விரைந்து நடக்கும்போதும் சிறு மேட்டில் ஏறும்போதும் வாங்குவது இரண்டாவது. சமதரையில் தம் வயதினரோடு சேர்ந்து நடக்க இயலாமல் பின்தங்குவது மூன்றாவது. ஏறத்தாழ நூறு மீட்டர் நடந்ததும் நின்றுவிடுவது நான்காவது. உடை மாற்றுவதற்கே திணறி, வீட்டைவிட்டு வெளியே வர இயலாமற்போவது ஐந்தாவது. நம் வீட்டுப் பெரியவர் ஆறு மாதங்களுக்கு முன் எந்தப் படியில் இருந்தார், இன்று எந்தப் படியில் இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி உண்மை புலப்பட்டுவிடும்.

பழைய சிகிச்சை விட்டுச் சென்றவை

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். அறுபத்தெட்டு வயது உம்மா ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்றையும் கடந்து, அல்லாஹ்வின் அருளால் நலம் பெற்றவர். இப்போது இரவில் இரண்டு தலையணை வைத்தும் தூக்கம் வரவில்லை; எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறது. மாலையில் கால் வீங்குகிறது. ஸுஜூதிலிருந்து எழும்போது சிறிது நேரம் அசையாமல் அமர்ந்துவிடுகிறார். கேட்டால், 'வாயுதான், இஞ்சிச் சாறு குடித்தால் சரியாகிவிடும்' என்கிறார்.

இந்த உம்மாவிடம் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது இதயம். மார்பகப் புற்றுநோய்க்கும் வேறு சில புற்றுநோய்களுக்கும் தரப்படும் டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்து உயிர்களைக் காத்த மருந்து. ஆயினும், வாழ்நாளில் ஏற்றப்பட்ட மொத்த அளவு கூடக் கூட, அது இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் வாய்ப்பும் கூடுகிறது. அப்பலவீனம் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தும் இதயத்தின் இறைக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அக்குறைவு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சீராவது.

கதிர்வீச்சும் அத்தகையதே. மார்பின் இடப்புறத்தில் கதிர்வீச்சு பெறும்போது இதயத்தின் மீதும் ஓரளவு படுகிறது. சுவீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயம் பெற்ற கதிர்வீச்சின் அளவுக்கேற்ப மாரடைப்பு போன்ற இதயத் தமனி நோய்களின் வாய்ப்பு உயர்வதைக் காட்டியது. சிகிச்சைக்குப் பின் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கும் அவ்வாய்ப்பு, இருபது ஆண்டுகளைக் கடந்தும் நீடித்தது. இதய வால்வுகள் தடிப்பதும் இதயத்தைச் சூழ்ந்த உறை இறுகுவதும்கூட நேரலாம்.

நுரையீரலைப் பொறுத்தவரை, கதிர்வீச்சு முடிந்த ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வறட்டு இருமல், இலேசான காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றோடு ஓர் அழற்சி தோன்றுவதுண்டு. அதனைச் சளி என்று எண்ணி இருமல் மருந்து வாங்கிக் குடிப்போர் பலர். பின்னாளில் அவ்விடத்தில் நுரையீரல் தழும்பேறி இறுகவும் கூடும். விதைப்பைப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தரப்படும் பிளியோமைசின் என்னும் மருந்தும் நுரையீரலில் இத்தகைய தழும்பை உண்டாக்கலாம்.

இவற்றைப் படித்துவிட்டு, சிகிச்சையே வேண்டாம் என்று எவரும் முடிவெடுத்துவிடக் கூடாது. அம்மருந்துகளும் கதிர்வீச்சும் இல்லையென்றால் அந்த உம்மா இன்று நம்மோடு இருந்திருக்க மாட்டார். இக்காலக் கதிர்வீச்சு முறைகள் இதயத்தின் மீது படும் அளவைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. பலவீனமான இதயத்தை விரைவில் கண்டறிந்தால், மருந்துகளால் அதனைத் தாங்கவும் பல வேளைகளில் தேற்றவும் இயலும். காலம் தாழ்த்தக் கூடாது என்பதே நம் கவலை.

வேறு காரணங்களும் உண்டு

பழைய சிகிச்சை மட்டுமே காரணம் என்று நின்றுவிடவும் கூடாது. இரத்தசோகை மிகப் பரவலான காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களின் உடல் உணவிலிருந்து பி12 சத்தை ஈர்க்க இயலாது. ஊசியோ மாத்திரையோ தொடராவிட்டால், உடலில் சேமித்திருந்தது தீர்ந்து சில ஆண்டுகளில் சோகை வரும். குடலில் கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தமும் சோகையை உண்டாக்கும். ஆகவே சோகை என்று தெரிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையோடு நின்றுவிடாமல், அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும்.

வெற்றிலையும் புகையிலையும் பழகிய நம் சமூகத்தில் வாய், தொண்டைப் புற்றுநோய்கள் அதிகம். அதற்காகக் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிடுவது வழக்கமாகக் காணப்படுவதே. சோர்வு, உடல் கனத்தல், மூச்சு வாங்குதல் என அது மெல்லத் தலைகாட்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாள்தோறும் ஒரு மாத்திரையில் சீராகிவிடும்.

நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோப்பது புற்றுநோயாலும் வரும், காசநோயாலும் வரும், இதயப் பலவீனத்தாலும் வரும். நீரைச் சிறிது எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும். பல்லாண்டு விறகடுப்பின் முன் சமைத்த பெண்களுக்கும் புகைபிடித்த ஆண்களுக்கும் மூச்சுக்குழாய் நோய் தனியே இருக்கலாம். நீண்ட படுக்கைக்குப் பின் தசைகள் தளர்ந்திருப்பதும், மன அழுத்தமும்கூட மூச்சை வாங்கச் செய்யும். மூத்தவர்களிடம் இவற்றுள் இரண்டு மூன்று ஒருசேர இருப்பது அரிதன்று. ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மறைத்த நோயை மருத்துவர் எப்படி அறிவார்?

நம் சமூகத்தில் இன்னும் தீராத பழக்கம் ஒன்று உண்டு. புற்றுநோய் வந்ததை வெளியே சொல்வதில்லை. வீட்டில் திருமணத்திற்குக் காத்திருக்கும் பெண்பிள்ளை இருந்தால் இன்னும் மறைக்கிறோம். 'வயிற்றில் ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள்' என்று உறவினருக்குச் சொல்லி, பின்னர் அதனையே நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம். ஆண்டுகள் கழித்துப் புதிய மருத்துவர் ஒருவர் 'முன்பு ஏதேனும் பெரிய நோய் வந்ததா?' என்று கேட்கும்போது, உடன் சென்ற மருமகளுக்கு அது தெரியாமலே இருக்கலாம். தெரிந்தாலும் மாமியார் முன்னிலையில் சொல்லத் தயங்கலாம். அந்த ஒரு விடை கிடைக்காததால் மருத்துவர் ஆஸ்துமா என்று எண்ணி மருந்து எழுதுகிறார். குடும்பத்தின் மானம் காப்பதாக நினைத்து நாம் காட்டிய மௌனத்தின் விலையை அந்த உம்மாவின் இதயம் செலுத்துகிறது.

பழைய மருத்துவக் கோப்பைத் தேடி எடுப்பதே முதல் வேலை. எந்தப் புற்றுநோய், எந்த ஆண்டு, எந்தெந்த மருந்துகள், எத்தனை முறை, கதிர்வீச்சு எந்தப் பக்கம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். கோப்பு தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் நோயாளி எண்ணைச் சொல்லிச் சுருக்கக் குறிப்பு கேட்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு படி இருக்கச் செய்வது நலம்.

வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வீடியோ அழைப்பில் உம்மா எப்போதும் அமர்ந்துதான் பேசுவார். அமர்ந்திருப்பவருக்கு மூச்சு வாங்குவது தெரியாது. கூடத்திலிருந்து அடுக்களை வரை நடந்தவாறு பேசச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க எத்தனை முறை நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்பதற்காகவே அவர் மறைக்கிறார்.

ஆண் மருத்துவர் முன் மார்பைக் காட்டக் கூச்சப்பட்டுப் பரிசோதனையையே தள்ளிப்போடும் பெண்கள் நம்மில் அநேகர். பெண் மருத்துவரோ எக்கோ எடுக்கப் பெண் பணியாளரோ உள்ள இடத்தை முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். அவர்கள் கிடைக்காதபோது தேவையின் நிமித்தம் மார்க்கம் இடமளிக்கிறது என்பதை ஆலிம்கள் தெளிவாகவே கூறியிருக்கின்றனர். நாணம் ஈமானின் பகுதி. அது உயிரைக் காக்கும் பரிசோதனைக்குத் தடையாக வைக்கப்பட்டதன்று.

எதிலிருந்து தொடங்குவது?

எடுத்த எடுப்பில் பெருஞ்செலவில் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் ஒரு பொது மருத்துவர் நிதானமாகக் கேட்டு, நெஞ்சையும் கால்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, இரவில் திணறி எழுகிறாரா, இருமலும் காய்ச்சலும் உண்டா, எடை கூடியதா குறைந்ததா என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். குனியும்போது திணறுகிறதா என்பதையும் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்து முன்னால் குனிந்த முப்பது வினாடிக்குள் மூச்சு முட்டுவது இதயப் பலவீனத்தின் அறிகுறியாகலாம் என்று 2014-இல் மருத்துவர்கள் ஓர் ஆய்வில் எடுத்துரைத்தனர். ருகூஉவிலும் ஸுஜூதிலும் திணறுவதாகப் பெரியவர் சொன்னால், அது மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தியே.

முழு இரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி. ஆகியவை முதற்கட்டம். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பவை. இதயத்தின் இறைக்கும் ஆற்றலையும் வால்வுகளையும் எக்கோ காட்டும். இதயம் அழுத்தத்தில் இருப்பதை பி.என்.பி. என்னும் இரத்தச் சோதனை உணர்த்தும். மூச்சை ஊதிச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி மூச்சுக்குழாயின் நிலையைச் சொல்லும். நுரையீரல் தழும்பும் கட்டியும் சி.டி. ஸ்கேனில் தெளிவாகும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் எல்லாம் நலம் என்று ஆகிவிடாது. இதயப் பலவீனத்தின் தொடக்கமும் நுரையீரல் தமனியில் சிக்கிய இரத்தக் கட்டியும் அதில் தெரியாமற்போகலாம்.

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இப்போதும் பயன்படும். ஓய்வில் அது 97 காட்டினாலும் இரத்தசோகையோ இதயப் பலவீனமோ இல்லை என்று பொருளாகாது. கருப்பு மருதாணியும் நகப்பூச்சும் அதன் கணக்கைத் தவறச் செய்யலாம். அவை இல்லாத விரலில் பொருத்துங்கள்.

சில நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. திடீரெனத் தோன்றிய திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் இரத்தம், நீலம் பாய்ந்த உதடு, ஒரு வாக்கியம்கூடப் பேச இயலாமை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஓய்விலும் ஆக்ஸிஜன் அளவு 92 அல்லது அதற்குக் கீழ் செல்வது ஆகியவற்றுள் எது இருப்பினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புற்றுநோய் கண்டவர்களுக்குக் கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 ஆகிய இலவச ஆம்புலன்ஸ் எண்களை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பொறுமையும் தவக்குலும்

'அல்லாஹ் தந்த சோதனை, பொறுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் பெரியவர்களின் ஈமான் நம் வணக்கத்திற்குரிய மரியாதையைப் பெறத்தக்கது. ஆயினும் ஸப்ர் என்பது நோயை மறைப்பதன்று; மருத்துவம் தேடும்போதும் மனம் கலங்காதிருப்பதே ஸப்ர். ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் தேனும் கருஞ்சீரகமும் நம் வீடுகளில் இருக்கட்டும். அவை எக்கோவுக்கும் இரத்தச் சோதனைக்கும் போட்டியாக வந்தவை அல்ல.

காரணம் தெரிந்து உடல் தேறும்வரை தொழுகையை நினைத்து மூத்தவர்கள் வருந்த வேண்டியதில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நோன்பிலும் நோயாளிக்குச் சலுகை உண்டு. நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்பதும், தாமாகவே மாத்திரையின் நேரத்தை மாற்றுவதும் ஆபத்தானவை. பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அந்தப் பார்வைக்கு அஞ்சியே திணறியபடி நிற்பவர்கள் உண்டு.

அஞ்சியதே உண்மையானால்

சில வேளைகளில் பரிசோதனையின் முடிவு நாம் அஞ்சிய நோயாகவே இருக்கலாம். அப்போதும் தேடியது வீணாகாது. நுரையீரலைச் சூழ்ந்த நீரை வெளியேற்றினால் பெரும்பாலும் மூச்சு இலேசாகிறது. மருத்துவர் கண்காணிப்பில் சிறிய அளவில் தரப்படும் மார்ஃபின் திணறலைத் தணிக்கிறது. முகத்தின் மீது வீசும் மின்விசிறிக் காற்றுகூட ஆறுதல் தருகிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி வளர்ந்த வலிதணிப்பு இயக்கம், குணமாக்க இயலாத நோயிலும் மனிதனை வேதனையின்றி வாழவைக்க முடியும் என்பதை நமக்கு அருகிலேயே மெய்ப்பித்துக் காட்டியது.

அந்த உண்மையை மூத்தவரிடமிருந்து மறைப்பதும் முறையன்று. அவருடைய உடல், அவருடைய நாட்கள். எழுத வேண்டிய வஸிய்யத், தீர்க்க வேண்டிய கடன், மன்னிப்புக் கேட்க வேண்டிய உறவு என அவருக்கென்று காரியங்கள் இருக்கும். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே மென்மையாகக் கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வதே அறம்.

நம்மைச் சிறுவயதில் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். நமக்கு இரவில் இருமல் வந்தபோது, பிள்ளை என்றால் இருமத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவர்கள் உறங்கிவிடவில்லை. விடியும் முன் வைத்தியரின் கதவைத் தட்டினார்கள். இந்த வாரம் அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய கோப்பை எடுத்து வையுங்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நோயையும் நிவாரணத்தையும் படைத்த ரஹ்மான் நம் பெற்றோர் அனைவருக்கும் நிறைவான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.